சாவி வாட்சா, பேட்டரி வாட்சா, ஸ்மார்ட் வாட்சா? மணிக்கட்டில் எதைக் கட்டுவது?

அலமாரியில் தாத்தாவின் எச்எம்டி வாட்ச் கிடக்கிறது. ஓடவில்லை. அதைச் சரிசெய்து கட்டிக்கொள்ளலாமா, அந்தச் செலவுக்குப் புதிதாக ஒரு பேட்டரி வாட்ச் வாங்கலாமா, இல்லை எல்லோரையும் போல ஸ்மார்ட் வாட்சுக்கே போய்விடலாமா என்று கேட்டான் தங்கை மகன். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவன். அடுத்த வாரம் அண்ணி கேட்டார். அவர் மருத்துவமனையில் நர்ஸ். அப்புறம் பெரியப்பா. தனியாக இருக்கும் அவருக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தரப் பிள்ளைகள் துடிக்கிறார்கள், அவருக்கோ சாவி கொடுத்துப் பழகிய கை. குடும்பத்தில் வாட்ச் பைத்தியம் என்று பெயர் வாங்கியவன் நான் ஒருவன்தான் என்பதால் மூன்று கேள்வியும் என்னிடமே வந்தன. மூவருக்கும் மூன்று வெவ்வேறு பதில் சொன்னேன்.

கைப்பேசி இருக்கும்போது வாட்ச் எதற்கு என்பவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. மணி பார்க்கக் கைப்பேசியை எடுத்து, வந்திருந்த செய்திகளைப் படித்துவிட்டு, மணியைப் பார்க்காமலே திரும்பப் பைக்குள் போட்டவர்கள் மேலே படிக்கலாம்.

எதை வைத்து எடை போடுவது

கடையில் துல்லியத்தைத்தான் முதலில் சொல்வார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். ஒரு நாளைக்கு அரை நிமிடம் தப்புகிற வாட்சை இரண்டு நாளைக்கு ஒருமுறை திருத்திக்கொண்டால் யாருக்கும் பஸ் தவறாது. ஆகாசவாணிச் செய்தி தொடங்கும் நேரத்துக்கு வாட்சைத் திருத்தி வைத்துக்கொண்டே ஒரு தலைமுறை அலுவலகம் போய் வந்தது.

நான் முதலில் கேட்பது, அது தினமும் உங்களிடம் என்ன வேலை வாங்குகிறது என்பதைத்தான். சாவி கொடுக்க வேண்டுமா, சார்ஜ் போட வேண்டுமா, ஒன்றுமே வேண்டாமா? இரண்டாவது, நின்றுபோனால் சரிசெய்ய ஆள் எங்கே இருக்கிறார்? மூன்றாவது, நம் ஊர் வியர்வையையும் மழையையும் தாங்குமா? நான்காவது, பத்து வருடத்தில் மொத்தம் என்ன செலவாகும்? வாங்கும் விலை அதில் ஒரு பகுதிதான். ஐந்தாவது, மணி பார்த்த பிறகு உங்கள் கவனம் எங்கே போகிறது?

முள் வாட்சுக்கு இன்னொரு குணம் உண்டு. அது நேரத்தை அளவாகக் காட்டும். ஒன்பது நாற்பது என்று எண்ணில் பார்த்தால், பத்து மணிக்கு இன்னும் எவ்வளவு என்று மனம் கழித்துப் பார்க்க வேண்டும். முள்ளில் பார்த்தால் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மீதி இருப்பது கண்ணிலேயே தெரிந்துவிடும். வாட்ச் வேண்டும் என்று முடிவு செய்கிறவர்களில் பலர் தங்களுக்கே தெரியாமல் தேடுவது இதைத்தான் என்பது என் கணிப்பு. அந்த முள்ளைச் சாவி கொடுத்து இறுக்கும் சுருள்வில் ஓட்டினாலும் பேட்டரி ஓட்டினாலும் இந்தப் பலன் ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சாவி வாட்ச்

எனக்கு வந்தது தாய்மாமாவின் எச்எம்டி ஜனதா. பத்து வருடம் பீரோவில் தூங்கிய வாட்ச். பஸ் நிலையத்துக்கு எதிரே, ஆள் உட்கார்ந்தால் கதவு மூடாத அளவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டிக் கடை. அங்கே கொண்டுபோனேன். கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பின் மூடியைத் திறந்தார். உள்ளே, ஆடி ஆடி நேரத்தை அளக்கும் சமநிலைச் சக்கரம் அசையாமல் நின்றிருந்தது. ரப்பர் பந்தைப் பிதுக்கி ஒரு மூச்சுக் காற்று அடித்தார். சக்கரம் இரண்டு முறை இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு மறுபடி நின்றது. "உயிர் இருக்கிறது தம்பி, எண்ணெய்தான் காய்ந்துவிட்டது" என்றார். சாவியை அதிகமாகக் கொடுத்ததால் இறுகிப்போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவந்த கதை அன்றோடு முடிந்தது. அநேகமாக எந்த வாட்சும் அதிகச் சாவியால் நிற்பதில்லை. பழைய எண்ணெய் பிசினாகிப் பல்சக்கரங்களைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் நடக்கும் வேலையைப் பாருங்கள். இந்த வகைப் பழைய வாட்சுகளில் பலவும் செகண்டுக்கு ஐந்து துடிப்பு துடிப்பவை. மணிக்கு 18,000, ஒரு நாளைக்கு 4,32,000. இதில் நாளொன்றுக்கு முப்பது செகண்ட் தப்புகிறது என்றால் பத்தாயிரத்துக்கு மூன்றரைப் பங்குதான் பிழை. இருந்தும் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சோடு ஒப்பிட்டு அதை மட்டம் என்கிறோம். டயலில் '17 ஜுவல்ஸ்' என்று இருப்பதைப் பார்த்து உள்ளே விலையுயர்ந்த கல் இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவை செயற்கை மாணிக்கங்கள். உராய்வைக் குறைக்க அச்சுகளின் முனையில் வைப்பவை, விற்றால் டீச்செலவுக்குக்கூட ஆகாது.

பெங்களூரில் 1953-இல் இயந்திரக் கருவிகள் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் எச்எம்டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து வாட்ச் தயாரிப்பில் இறங்கியது. வேலை கிடைத்ததற்கு, கல்யாணத்துக்கு, ஓய்வுபெற்றதற்கு என்று ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் அதன் வாட்சுதான் பரிசு. 2016-இல் வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நீங்கள் முடிவெடுக்கும்போது கணக்கில் சேர்க்க வேண்டிய செய்தி இது. உதிரிபாகம் இன்று பெரும்பாலும் இறந்த வாட்சுகளின் வயிற்றிலிருந்துதான் வருகிறது. நல்ல கடைக்காரரிடம் ஒரு டப்பா நிறைய அப்படிப்பட்டவை இருக்கும். அந்த டப்பாதான் உங்கள் வாட்சின் ஆயுள்.

மறைமுகச் செலவுகள் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை பிரித்துக் கழுவி எண்ணெய் போட வேண்டும். எனக்கு 900 ரூபாய் ஆனது; ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். தண்ணீர் ஆகாது. கைகழுவும்போது தெறிப்பதுகூட மூடியின் ரப்பர் வளையம் காய்ந்த பழைய வாட்சுக்குப் பகைதான். காந்தம் பெரிய எதிரி. காந்தப் பூட்டுள்ள கைப்பேசி உறைமேல் இரவு முழுவதும் வைத்தால் சமநிலைச் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருள்வில் காந்தமேறிச் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் வாட்ச் தலைதெறிக்க ஓடும். காந்தம் நீக்கும் கருவி வைத்திருக்கும் கடையில் ஒரு நிமிட வேலை. ஆனால் காரணம் தெரியாதவர் வாட்ச் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட்டுவிடுவார்.

இணையத்தில் 'புத்தம் புதிய பழைய எச்எம்டி' என்று பளபளக்கும் டயலோடு விற்பவர்களிடம் போக வேண்டாம். நாலு வாட்சைக் கலந்து ஒன்றாக்கி, டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து, நிறுவனம் ஒருநாளும் போடாத நிறங்களில் விற்கப்படுபவை அவற்றில் ஏராளம். முதலில் வாங்கியவர் யார் என்று தெரிந்த வாட்சைச் சரிசெய்யலாம். தெரியாததை வாங்கிச் சரிசெய்யாதீர்கள். என் கட்சி இதுதான்.

கட்டுவது என்று முடிவு செய்தால் பழக்கம் ஒன்றிரண்டு வேண்டும். காலையில் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி, தடுக்கிறது என்று விரலுக்குத் தெரியும்வரை சாவி கொடுங்கள். கட்டியபடியே கொடுத்தால் சாவித் தண்டு பக்கவாட்டில் வளையும். முழுச் சாவிக்கு ஒன்றரை நாள் ஓடும். இன்னொரு பழைய வித்தை: டயல் மேலே பார்க்க வைத்தால் ஒரு வேகம், செங்குத்தாக வைத்தால் வேறு வேகம். பகலில் பின்தங்கும் வாட்சை இரவில் எந்தப் பக்கம் படுக்கவைத்தால் ஈடுகட்டும் என்று ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம். கண்ணாடி பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் சில்லறைக் கீறலுக்குப் பற்பசை வைத்துத் துணியால் தேய்த்தாலே போதும்.

யாருக்குப் பொருந்தும்: வீட்டுப் பெரியவருடைய வாட்ச் கையில் இருக்க வேண்டும். நடந்து போகும் தூரத்தில் அதைத் திறக்கத் தெரிந்தவர் இருக்க வேண்டும். மேசை வேலையாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வாட்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி முள் வாட்ச்

இதற்குச் சுருக்கமான சிபாரிசே போதும். பத்தில் ஏழு பேருக்கு இதுதான் சரி.

உள்ளே இசைக்கவை வடிவில் குவார்ட்ஸ் என்ற படிகத்தில் ஒரு துண்டு. மின்சாரம் பட்டதும் செகண்டுக்கு 32,768 முறை அதிரும். இரண்டின் அடுக்கு பதினைந்து அந்த எண். பதினைந்து முறை பாதியாக்கினால் செகண்டுக்குச் சரியாக ஒன்று வந்துவிடும், அந்த ஒரு துடிப்பில் முள் ஒரு படி நகரும். மாதத்துக்குப் பதினைந்து இருபது செகண்டுக்குமேல் தப்பாது. குவார்ட்ஸில் ஓடும் முதல் கைக்கடிகாரத்தை 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ விற்பனைக்கு விட்டபோது விலை 4,50,000 யென். இன்று நம் ஊர் நடைபாதையில் அதே தத்துவம் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1984-இல் டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை போட்டு, நாடே சாவி கொடுத்துக்கொண்டிருந்தபோது குவார்ட்ஸை நம்பி இறங்கியது.

பேட்டரி இரண்டு மூன்று வருடம் வரும். மாற்ற ஐந்து நிமிடம். சில வாட்சுகளில் பேட்டரி தீரும்முன் செகண்ட் முள் ஒவ்வொன்றாக நகராமல் இரண்டிரண்டாகத் தாவும். கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், நினைவூட்டுகிறது. மறைமுகச் செலவு இரண்டு. நின்றுபோன வாட்சை அப்படியே மேசை இழுப்பறையில் போட்டால் பேட்டரி கசிந்து உள்ளே அரித்துவிடும். இன்னொன்று, பேட்டரி மாற்றத் திறக்கும்போது ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் அடுத்த மழையில் கண்ணாடிக்குள் ஆவி கட்டும். '30 மீட்டர்' என்று பின்னால் எழுதியிருப்பதை நம்பிக் கிணற்றில் குதிக்காதீர்கள். அது ஆய்வகத்து அழுத்தக் கணக்கு, நடைமுறையில் கைகழுவலாம் என்று பொருள். உள் இயந்திரம் போனால் பழுது பார்ப்பதில்லை, மெஷினையே மாற்றிவிடுவார்கள். மலிவு வாட்சுகளில் அது சில நூறு ரூபாயோடு முடியும்.

அண்ணிக்கு இதைத்தான் சொன்னேன், பெரிய செகண்ட் முள் உள்ளதாகப் பார்க்கச் சொல்லி. நாடி பிடிக்கும்போது கண் முள்ளில் இருக்கும், மனம் துடிப்பை எண்ணும். முள் கால் வட்டம் வந்ததும் நிறுத்தி நான்கால் பெருக்குவார்கள். துடிப்பு சீராக இல்லையென்றால் முழு வட்டமும் எண்ண வேண்டும். எண் வாட்சில் இதைச் செய்து பாருங்கள். மாறிக்கொண்டே இருக்கும் ஓர் எண்ணையும் ஏறிக்கொண்டே போகும் இன்னோர் எண்ணையும் ஒரே மனம் சுமக்க வேண்டும், பத்துக்குள் குழம்பிவிடும். கைகளை முழங்கை வரை கழுவ வேண்டிய வார்டு என்பதால், சட்டையில் குத்திக்கொண்டு தலைகீழாகத் தொங்கும் வகையை வாங்கிக்கொண்டார். குனிந்தால் அவருக்கு நேராகத் தெரியும்.

எண் வாட்ச்

கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989-இல் வந்தது, இன்னும் அதே முகத்தோடு விற்கிறது. எடை 21 கிராம், பேட்டரி ஏழு வருடம், அலாரம் உண்டு, நிறுத்துக்கடிகாரம் உண்டு. பழையதை எதிர்த்துப் புதுமையாக வந்த பொருள் தானே பழம்பொருளாகி, அதற்காகவே விரும்பப்படுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஸ்ட்ராப் அறுந்தால் வாட்சின் விலையில் பாதி கேட்பார்கள், இரவு விளக்கு மின்மினி அளவுதான். வயல் வேலை, பட்டறை, சமையலறை, பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் யோசிக்காமல் வாங்கலாம். முள்ளின் அளவு காட்டும் குணம் மட்டும் இதில் இல்லை.

ஸ்மார்ட் வாட்ச்

இதை நான் கட்டுவதில்லை, அதனால் கூடுதல் கவனத்தோடு எழுதுகிறேன்.

முதலில் அதன் பலம். தனியாக இருக்கும் முதியவர் கீழே விழுந்தால் உணர்ந்து பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பும் வசதி சில வகைகளில் இருக்கிறது. இதயத் துடிப்பு ஒழுங்கு தப்புவதைக் குறித்துக் காட்டுபவையும் உண்டு. காது கேளாதவருக்கு மணிக்கட்டில் அதிரும் அலாரத்துக்கு இணை எந்தச் சாவி வாட்சிலும் இல்லை. பெரியப்பாவுக்கு ஸ்மார்ட் வாட்சைச் சிபாரிசு செய்தது இதனால்தான். சாவி கொடுக்கும் கையை அவர் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிக்கொள்ளட்டும்.

ஆனால் கணக்குப் பாருங்கள். பெரிய திரை பளிச்சென்று எரியும் வகைகள் தினமும் சார்ஜ் கேட்கும். சார்ஜ் மறந்த நாளில் அது வெறும் கறுப்புப் பில்லை. அவசரத்துக்கு உதவட்டும் என்று வாங்கிக் கொடுத்த பொருள் அவசர நாளில் சார்ஜரில் கிடந்தால் யாரிடம் சொல்வது? பெரியப்பா வீட்டில் சாப்பாட்டு மேசை ஓரத்தில் சார்ஜரை ஒட்டிவைத்தோம். காலைப் பலகாரம் முடியும்வரை அது அங்கே, அப்புறம் கையில்.

பேட்டரி சில நூறு சார்ஜுக்குப் பிறகு தளரத் தொடங்கும். பசை போட்டு மூடிய பெட்டியைத் திறக்கப் பஸ் நிலையத்துக் கடைக்காரரால் ஆகாது. மென்பொருள் புதுப்பிப்பு சில வருடத்தில் நின்றுவிடும். கைப்பேசியை மாற்றினால் வாட்சும் மாற வேண்டியிருக்கலாம். ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டு கைப்பேசியோடு சேராது. துடிப்பை அது பச்சை ஒளியைத் தோலில் அடித்து, திரும்பும் அளவை வைத்துக் கணக்கிடுகிறது. ஸ்ட்ராப் தளர்ந்தால் கணக்கும் தளரும். மலிவு விலையில் 'ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு' காட்டுவதாகச் சொல்லி விற்பதை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அப்படி அளக்கும் எந்த வாட்சுக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

கவனம் என்ற உரைகல்லில் இது தோற்கிறது. கைப்பேசியைத் தவிர்க்க வாட்ச் கட்டினால், கைப்பேசியே மணிக்கட்டுக்கு ஏறிவிடுகிறது. அறிவிப்புகளில் அழைப்பு ஒன்றைத் தவிர மற்றதை அணைத்தால் ஓரளவு தேறும்.

ஒரே பார்வையில்

| | சாவி வாட்ச் | பேட்டரி முள் வாட்ச் | எண் வாட்ச் | ஸ்மார்ட் வாட்ச் |
|---|---|---|---|---|
| தினசரி வேலை | காலையில் சாவி | இல்லை | இல்லை | சார்ஜ் |
| தப்பும் அளவு | நாளுக்கு 20 முதல் 60 செகண்ட் | மாதத்துக்கு 15 முதல் 20 செகண்ட் | மாதத்துக்கு 30 செகண்டுக்குள் | தானே திருத்திக்கொள்ளும் |
| பழுது | தேர்ந்த கை வேண்டும் | எந்தக் கடையிலும் | பேட்டரி, ஸ்ட்ராப் மட்டும் | நிறுவனத்து சர்வீஸ் மையம் |
| தண்ணீர் | ஆகாது | தெறித்தால் பரவாயில்லை | மழை தாங்கும் | வகையைப் பொறுத்தது |
| பத்து வருடத்தில் | இரண்டு மூன்று சர்வீஸ் | நான்கைந்து பேட்டரி, சில ஸ்ட்ராப் | ஒரு பேட்டரி, இரண்டு ஸ்ட்ராப் | இரண்டு மூன்று புது வாட்ச் |

தங்கை மகனுக்குச் சொன்னது

அவன் கதை கொஞ்சம் சிக்கல். நீட் போன்ற தேர்வுகளில் எந்த வாட்சையும் அறைக்குள் விடுவதில்லை. வேறு சில தேர்வுகளில் ஸ்மார்ட் வாட்சுக்கு மட்டும் தடை. எனவே நுழைவுச்சீட்டில் இருப்பதைப் படிக்கச் சொன்னேன். வீட்டில் மாதிரித் தேர்வு எழுதிப் பழகுவதற்கு இருநூறு ரூபாய் பேட்டரி முள் வாட்ச் போதும், அதை வாங்கிவிட்டான். தாத்தாவின் எச்எம்டியைச் சரிசெய்யலாமா என்பதற்கு, அவசரப்படாமல் முதலில் சோதிக்கச் சொன்னேன். உங்கள் அலமாரியிலும் அப்படி ஒன்று கிடந்தால் இதே வரிசையில் செய்து பாருங்கள்.

பத்துச் சுற்று மட்டும் சாவி கொடுங்கள். வழுவழுவென்று சுற்றிக்கொண்டே போய் எங்கேயும் இறுக்கம் தெரியாவிட்டால், சாவி கொடுத்து இறுக்கும் சுருள்வில் அறுந்திருக்கலாம். இறுக்கம் தெரிந்தும் ஓடவில்லையென்றால் மெதுவாக ஆட்டிக் காதில் வையுங்கள். நான்கைந்து துடிப்பு கேட்டு அடங்கினால் எண்ணெய்க் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அது தீரக்கூடியது. டயலில் பச்சையாகவோ பழுப்பாகவோ வட்டம் வட்டமாகக் கறை இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, செலவு கூடும். அதன் பிறகு கடைக்குப் போய், உங்கள் கண்முன்னே பின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய கடைக்காரர்கள் சர்வீஸ் செய்த தேதியை மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறி வைப்பது வழக்கம். என் மாமா வாட்சில் ஐந்து கீறல்கள் இருந்தன, முதலாவது 1974, கடைசி 1996. அந்தத் தேதிகளைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.